வேண்டாமலே வலையில் ஏறும் திருக்கை: டர்பன் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலையில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். மாலையில் உம்கேனி ஆறு கடலில் விழும் புளூ லகூனில் தூண்டில் போடுகிறேன். பிறந்தது தூத்துக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். இந்த மூன்றும் சேர்ந்துவிட்டதால் மீன் விஷயம் எது வந்தாலும் "சாரைக் கேளுங்க" என்று என் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். அதில் திருக்கை பற்றிய கேள்விகள்தான் அதிகம். வாயால் சொல்லிச் சொல்லிச் சலித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஸ்கேட் என்கிறார்கள், ரே என்கிறார்கள். இரண்டும் திருக்கைதானே?

தமிழில் இரண்டும் திருக்கைதான். டர்பன் தூண்டில்காரர்களும் நம்மைப் போலத்தான், தட்டையாக எது வந்தாலும் ஸ்கேட் என்று ஒரே பெயரில் முடித்துக்கொள்வார்கள். பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் வாலைப் பாருங்கள். ஸ்கேட்டின் வால் தடிப்பாக, முள்ளு முள்ளாக இருக்கும். கொட்டும் ஊசி கிடையாது. நுனிப் பக்கம் இரண்டு சின்னத் துடுப்பு இருக்கும். மற்ற திருக்கைகளில் பலவற்றுக்குச் சாட்டை வால், அதில் விஷ முள். இன்னொரு பெரிய வித்தியாசம், ஸ்கேட் முட்டையிடும், மற்றவை குட்டி போடும்.

டர்பன் தண்ணீர் வெதுவெதுப்பானது. இங்கே கரையில் கிடைப்பவை பெரும்பாலும் குட்டி போடுகிறவை. ஸ்கேட் பார்க்க கேப் பக்கத்துக் குளிர்ந்த கடலுக்கோ ஆழத்துக்கோ போக வேண்டும். இங்கே நான் திருக்கை என்று பொதுவாக எழுதினால் இரண்டையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள். உழுவையும் வேளாவும் பார்வைக்குச் சுறா மாதிரி இருந்தாலும் திருக்கைக் கூட்டம்தான். புரட்டிப் பாருங்கள், செவுள் அடிவயிற்றுப் பக்கம் இருக்கும்.

தற்செயலாக மாட்டுகிறது என்கிறார்களே, அப்படியென்றால் யாரையும் குறை சொல்ல முடியாதல்லவா?

அந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. நடக்கிற வழியில் ஒரு நாள் கால் தடுக்கினால் தற்செயல். தினமும் அதே படியில் தடுக்கினால் கோளாறு படியில்தான் இருக்கிறது.

டர்பனுக்கு வடக்கே துகேலா ஆறு கடலில் சேரும் இடத்துக்கு வெளியே, சேறும் மணலுமாக ஆழம் குறைந்த ஒரு திட்டு இருக்கிறது. இறால் படகுகள் மடி என்னும் இழுவை வலையை இழுத்த இடம் அது. அவர்கள் தேடிப் போனது வெள்ளை இறால். தமிழ்நாட்டுக் கரையில் வெள்ளை இறால் என்று நாம் வாங்குகிற அதே இனம்தான், அதன் அறிவியல் பெயரிலேயே இந்தியா இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் டர்பன் ஆய்வாளர்கள் இந்தப் படகுகளின் மடியில் ஏறும் சுறாவையும் திருக்கையையும் தனியாகக் கணக்கெடுத்து எழுதினார்கள். அவை வந்துகொண்டுதான் இருந்தன. கடலடித் தரையை வழித்துக்கொண்டு போகிற வலையில், தரையிலேயே படுத்துக் கிடக்கிற மீன் ஏறாமல் எங்கே போகும்?

அதற்காகப் படகுக்காரர் தலையில் எல்லாப் பழியையும் போட எனக்கு மனம் வரவில்லை. திருக்கை வருவதே அவருக்குத் தொல்லை. இடத்தை அடைக்கும், இறாலை நசுக்கும், கை வைத்தால் குத்தும். வராமல் இருந்தால் அவர்தான் முதலில் சந்தோஷப்படுவார். திருக்கையின் சிக்கலே இதுதான்: இங்கே யாரும் அதைத் தேடிப் போவதில்லை, அதனால் அது குறைந்தாலும் யாரும் தேடுவதில்லை. ராமேஸ்வரம் பக்கம் மடியில் வரும் சில்லறை மீனையெல்லாம் சங்காயம் என்று ஒரே குவியலாகத் தள்ளிவிடுவார்கள். குவியலில் விழுந்த மீனுக்குப் பெயர் கிடையாது, பெயரில்லாததற்குக் கணக்கும் கிடையாது.

ஒரே மடியில் ஹேக் என்னும் வெள்ளை மீன் வருகிறது, சோல் என்னும் தட்டை மீன் வருகிறது. திருக்கைக்கு மட்டும் என்ன தனிக் கேடு?

அதன் உடம்பே அதற்கு எதிரி. வலைக்கண்ணைப் பெரிதாக்கினால் சின்ன மீன் நழுவிப் போகும் என்பது பொதுவான வைத்தியம். நீளமான மீனுக்கு அது சரி. திருக்கை பக்கவாட்டில் விரிந்த மீன். கொட்டும் திருக்கைகளில் பலவற்றின் குட்டி, பிறந்த அன்றே சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும். இறால் பிடிக்கிற கண்ணில் அது எப்படி நுழையும்? வளர்ந்து தப்பிக்கலாம் என்றால் வளர வளர இன்னும் அகலம்தான்.

குணமும் அப்படி. ஆபத்து வந்தால் ஓடுகிற மீன் உண்டு, ஒளிகிற மீன் உண்டு. திருக்கை ஒளிகிற சாதி. மணலை மேலே வாரிப் போட்டுக்கொண்டு, கண்ணும் கண்ணுக்குப் பின்னாலுள்ள மூச்சுத் துளையும் மட்டும் தெரியும்படி படுத்துவிடும். சுறாவிடமிருந்து தப்பிக்கக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக உதவிய தந்திரம். ஆனால் சோல் மீன் பிடிக்கும் இழுவை வலைகளில், வாய்க்கு முன்னால் ஒரு சங்கிலி கட்டுவதுண்டு. மணலுக்குள் புதைந்ததைக் கிளப்பிவிடுவதற்கென்றே கட்டுகிற சங்கிலி.

இவை இரண்டையும்கூட ஒரு மீன் தாங்கிவிடலாம், நிறையப் பெற்றுப் போட்டால். அங்கேதான் கணக்கு உதைக்கிறது. வெள்ளை இறால் ஒன்றிரண்டு ஆண்டு வாழும், ஒரு தடவையில் லட்சக்கணக்கில் முட்டை விடும். ஹேக்கும் லட்சக் கணக்கில்தான். ஐரோப்பாவில் பெரிய ஸ்கேட் ஒன்று இருக்கிறது, அது முட்டையிடத் தொடங்கவே ஏறக்குறைய 11 வயது ஆகும். ஆண்டுக்கு 40 முட்டை போலத்தான் இடும். ஒவ்வொரு முட்டையும் கடலடியில் கிடந்து பொரிய ஒன்றரை ஆண்டு வரை ஆகும். அந்த ஒன்றரை ஆண்டில் எத்தனை மடி அதன்மேல் போகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனைத்திருக்கை இன்னும் கஞ்சம். ஓராண்டு சுமந்து ஒரே ஒரு குட்டி. அடுத்ததற்கு இரண்டு ஆண்டோ ஐந்து ஆண்டோ.

இப்போது இறாலையும் திருக்கையையும் ஒரே மடியில் வைத்துப் பாருங்கள். எத்தனை நாள் இழுக்கலாம் என்பதை இறாலைப் பார்த்து முடிவு செய்கிறோம். இறால் அடுத்த மழைக்கு மீண்டு வந்துவிடும். திருக்கை வராது. இறால் கணக்கு எழுதுகிற நோட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

உயிரோடு திருப்பிக் கடலில் போட்டுவிட்டால் பிழைக்காதா?

சிலது பிழைக்கும். எவ்வளவு நேரம் இழுத்தார்கள், மடியில் எவ்வளவு எடை, மேல்தளத்தில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதைப் பொறுத்தது.

மோசல் பே துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை பார்த்த ஒருவர் எனக்கு விவரித்தார். மடியின் பின்பையைத் தளத்தில் அவிழ்க்கும்போது முதலில் வெள்ளை மீன்கள் சரிந்து வருமாம். திருக்கை கடைசியில், அடியில். மூன்று மணி நேரம் மற்ற மீன் எல்லாம் அதன் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். செவுள் ஐந்தும் ஐந்தும் வயிற்றுப் பக்கம், அது நிறைய மணல். அடிவயிறு வெள்ளை, அதில் சிவந்த கீறல். எடுத்துப் போடப் போனால் வால் சுழலும். குத்து வாங்காமல் இருக்கச் சிலர் வாலையே வெட்டிவிட்டுத் தூக்கி எறிவார்கள். "அசையுது, உசிரோட போகுதுன்னு நினைப்போம் அண்ணே. அப்புறம் என்ன ஆச்சுன்னு யார் கண்டா" என்றார்.

அதனால் உயிரோடு விட்டோம் என்பது ஒரு கணக்கு, உயிரோடு இருந்தது என்பது வேறு கணக்கு. பெரும்பாலான மீன்பிடிகளில் முதல் கணக்குகூட எழுதப்படுவதில்லை.

தூண்டிலில் பிடித்த திருக்கை மணலில் போட்டதும் குட்டி போட்டுவிட்டது. நல்ல சகுனமா?

சகுனம் இல்லை, கருக்கலைவு.

போன கோடையில் நானே பார்த்தேன். டயமண்ட் என்று இங்கே சொல்வார்களே, இறக்கைக்கு இறக்கை இரண்டு மீட்டரைத் தாண்டக்கூடிய பட்டாம்பூச்சித் திருக்கை, அதை ஒரு பையன் அரை மணி நேரம் போராடிக் கரையேற்றினான். எல்லாரும் கைபேசியைத் தூக்கினார்கள். படம் எடுத்து முடிப்பதற்குள் வால் அடியிலிருந்து ஏதோ வந்தது. வெற்றிலையைச் சுருட்டி வைத்த மாதிரி, இரண்டு இறக்கையும் உள்ளே மடிந்த குட்டி. மணலில் விழுந்து மெல்ல விரிந்தது. பின்னால் இன்னொன்று. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், டர்பனிலேயே பிறந்து வளர்ந்தவர், பாட்டி சொல்லிக்கொடுத்த கொஞ்சம் தமிழ்தான் அவருக்கு, "தம்பி, தண்ணி, தண்ணி" என்று கத்தினார். தாயை ஈரச் சாக்கில் இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விட்டோம். குட்டிகளை நான் கையில் ஏந்திப் போனேன். மாதம் நிறைந்தவையாகத் தெரியவில்லை.

பிடிபட்ட அதிர்ச்சியில் கருவைக் கழித்துவிடும் சுறா, திருக்கை இனங்கள் 88 என்று 2018இல் வந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. தாய் நீந்திப் போவதை நாம் பார்ப்போம், ஒரு தலைமுறை மணலில் கிடக்கும். வால் அடியில் வீங்கிய, வயிறு பருத்த திருக்கை என்றால் தண்ணீரிலேயே தூண்டிலை வெட்டிவிடுங்கள். படம் வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவில் வேளா மீன் உண்டா?

இருந்தது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

மூக்கு ரம்பமாக நீண்ட திருக்கை அது. சங்ககாலப் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டார்கள் என்று பாட்டு சொல்கிறது. இன்றும் நம் கடற்கரைக் கோயில்களிலும் மாதா கோவில்களிலும் வேளாக் கொம்பைக் காணிக்கையாக வைத்திருப்பதைப் பார்க்கலாம். அந்தக் கொம்புதான் அதற்கு எமன். எந்த வலையின் ஓரம் உரசினாலும் பற்கள் நூலில் சுற்றிக்கொள்ளும், தலையைத் திருப்பினால் இன்னும் சுற்றும். திருக்கையாவது மடியில்தான் பெரும்பாலும் மாட்டும், வேளாவுக்குச் செவுள் வலை, மடி, சுறாத் தடுப்பு வலை எல்லாமே ஒன்றுதான்.

டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் செயின்ட் லூசியா கழிமுகம் வேளாக் குட்டிகள் வளர்ந்த இடம். 1997இல் இந்த நாட்டில் வேளாவுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. தென்னாப்பிரிக்கக் கடலில் கடைசியாகப் பதிவானது 1999இல். சட்டம் வந்து இரண்டே ஆண்டு. அதே கழிமுகத்தின் வாய் 2002இல் வறட்சியில் மூடிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தது. இறால் குஞ்சு வளர்வதும் அங்கேதான் என்பதால் துகேலா திட்டின் இறால் மீன்பிடியும் படுத்துவிட்டது. இறாலுக்காக எல்லாரும் கவலைப்பட்டார்கள், அது நியாயம்தான்.

கடற்கரையில் கட்டியிருக்கும் சுறா வலையிலும் திருக்கை மாட்டுமா?

மாட்டும். டர்பனில் 1952இல் கட்டத் தொடங்கினார்கள், 1964இல் அதற்கென்று ஒரு வாரியமே வந்தது. குளிப்பவர்களைச் சுறாவிடமிருந்து காப்பது நோக்கம். வேலி என்று பலர் நினைக்கிறார்கள், வேலி இல்லை. கடலில் தனித்தனியாகத் தொங்கும் செவுள் வலைகள், சுறாவைப் பிடித்தே குறைப்பவை. ஆனைத்திருக்கையும் உழுவையும் அதில் சிக்கியிருக்கின்றன, உயிரோடு இருந்தால் விட்டுவிடுகிறார்கள். 1990களின் தொடக்கத்தில் 40 கிலோமீட்டருக்கு மேல் இருந்த வலையை இப்போது வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். 2007இலிருந்து பல இடங்களில் சில வலைகளுக்குப் பதிலாக மிதவையில் தொங்கும் இரைத் தூண்டில். அந்த இரையைத் திருக்கை பெரும்பாலும் சீண்டாது. குளிர்காலத்தில் மத்தி வரும்போது வலையைத் தூக்கிவிடுவதும் நல்ல பழக்கம்.

எங்கள் தாத்தா கரைவலை இழுத்தவர். அவர்களும் திருக்கையை அழித்தார்களா?

இதைக் கேட்ட பையனின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அழவில்லை, அவ்வளவுதான்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பனில் நங்கூரம் போட்டது. கரும்புத் தோட்டத்து ஒப்பந்தம் முடிந்தவர்களில் சிலர் டர்பன் விரிகுடாவில் சாலிஸ்பரி தீவில் குடியேறி மீன்பிடித்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது தீவு கடற்படைக்குப் போனது, மீனவக் குடும்பங்கள் வெளியேறின. 1961இல் அதே தீவில் இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி திறந்தார்கள். மீன் பிடித்த இடத்தில் பேரன்கள் படித்தார்கள்.

கரைவலையிலும் திருக்கை வரும். ஆனால் அது மனிதக் கை இழுக்கிற வலை. கை வலித்தால் நிற்கும், அலை பெரிதானால் நிற்கும், ஞாயிற்றுக்கிழமை நிற்கும். மடி வந்து சேரும் இடம் முழங்கால் தண்ணீர். திருக்கையைக் காலால் தள்ளினால் அது போய்விடும். இயந்திரத்துக்குக் கை வலிக்காது. தாத்தாவையும் இழுவைப் படகையும் ஒரே தராசில் வைக்காதே என்று சொன்னேன்.

ஓர் இனமே அழிந்துபோனால் யாருக்கும் தெரியாமலா இருக்கும்?

இருந்திருக்கிறது. ஐரோப்பாவில் ஆங்கிலப் பெயரிலேயே 'சாதாரண' ஸ்கேட் என்று அழைக்கப்பட்ட மீன், நான் மேலே சொன்ன 11 வயதுக் கணக்குக்காரி. ஐரிஷ் கடலில் அது ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது என்று 1981இல் ஓர் ஆய்வு சொன்னபோதுதான் பலர் திரும்பிப் பார்த்தார்கள். சந்தையில் எல்லா ஸ்கேட்டும் ஒரே தலைப்பில் எடை போடப்பட்டதால், பெரிய இனம் குறையக் குறையச் சின்ன இனங்கள் அந்த இடத்தை நிரப்பின, மொத்த எடை மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. 2009இல் இன்னொரு வேடிக்கை: அது ஓர் இனமே இல்லை, இரண்டு இனம் என்று கண்டுபிடித்தார்கள். தென்னாப்பிரிக்க இழுவைப் படகுகளும் காலங்காலமாக ஸ்கேட் என்ற ஒரே தலைப்பில்தான் எழுதிவந்தன.

இந்தோனேசியாவில் ஒரு சின்னத் திருக்கை, 1862இல் ஜகார்த்தா மீன் சந்தையில் வாங்கிய ஒரே ஒரு மாதிரியை வைத்து மட்டுமே உலகத்துக்குத் தெரியும். 2023 டிசம்பரில் அது அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். மனிதர் செயலால் அழிந்ததாக அறிவிக்கப்பட்ட முதல் கடல்மீன் இனம் ஒரு திருக்கை.

2021இல் வந்த உலகக் கணக்கெடுப்பு சுறா, திருக்கை வகைகளில் 1,199 இனங்களைப் பார்த்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிவின் விளிம்புப் பட்டியலில். திருக்கைகளை மட்டும் எடுத்தால் 41 விழுக்காடு, சுறாவைவிட மோசம். டர்பன் கரைக்குக் கோடையில் வரும் பெரிய உழுவை 2019இலிருந்து மிக அருகிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. சுறாவுக்குப் படம் எடுக்கிறார்கள், சட்டை அச்சடிக்கிறார்கள். திருக்கையின் நினைவாக நம்மிடம் மிஞ்சியது திருக்கைவால் சாட்டை.

ஒருமுறை குறைந்தால் மீண்டு வராதா?

வரும். வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் கதவு அளவுக்குப் பெரிதான ஒரு ஸ்கேட், அழிந்துவிடும் என்று 1998இல் எச்சரித்தார்கள். 1994இலேயே அங்கே சில மீன்பிடித் திட்டுகளை வேறு மீனுக்காக மூடியிருந்தார்கள், அதன் நிழலில் இதுவும் பிழைத்தது. 2018இல் அளவோடு பிடிக்க மறுபடியும் அனுமதி கொடுத்தார்கள். பொறுமை வேண்டும், இடமும் வேண்டும். இங்கே துகேலா திட்டைச் சேர்த்து 20 புதிய கடல் பாதுகாப்புப் பகுதிகள் 2019இல் வந்தன. நாட்டின் கடலில் 0.4 விழுக்காடாக இருந்த பாதுகாப்பு 5 விழுக்காடாக உயர்ந்தது. அந்த ஆண்டு பிறந்த பெரிய திருக்கைகளில் பல இன்னும் பருவத்துக்கே வந்திருக்காது.

வலையை மாற்றினால் போதாதா?

நிறைய உதவும். இறால் மடியில் ஆமை தப்பிக்க ஒரு கம்பிச் சட்டம் வைப்பார்கள், பெரியது கம்பியில் மோதி மேல் வாசல் வழியே வெளியேறும். வட ஆஸ்திரேலியாவில் அளந்தபோது பெரிய திருக்கைகள் சிக்குவது 94 விழுக்காடு குறைந்தது. மொத்தத் திருக்கைகளில் பார்த்தால் 36 விழுக்காடுதான். சின்னது கம்பி இடுக்கில் நுழைந்து உள்ளே போய்விடுகிறது. ஆமைக்குத் தைத்த சட்டை திருக்கைக்குப் பாதிதான் பொருந்தும். மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் செவுள் வலையில் பச்சை விளக்கு கட்டிப் பார்த்தார்கள், சுறா, திருக்கை சிக்குவது 95 விழுக்காடு குறைந்ததாக 2022இல் எழுதினார்கள். இழுவை வலையின் முன்சங்கிலியைக் கழற்றினாலே ஸ்கேட் குறையும் என்று ஸ்காட்லாந்தில் பார்த்திருக்கிறார்கள்.

முடியாது என்று யாராவது சொன்னால் அல்பட்ராஸைக் காட்டுங்கள். தென்னாப்பிரிக்க ஹேக் படகுகளின் இழுகம்பியில் அடிபட்டு அந்தப் பறவைகள் செத்தன. படகின் பின்னால் வண்ண நாடா தொங்கும் கயிறு கட்டச் சொன்னார்கள். ஆறேழு ஆண்டில் அல்பட்ராஸ் சாவு 99 விழுக்காடு குறைந்தது. பறவை மேலே பறக்கிறது, எல்லார் கண்ணிலும் படுகிறது. திருக்கை கீழே கிடக்கிறது.

என் தூண்டிலில் மாட்டினால் என்ன செய்வது?

தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல் விடுவது உத்தமம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஈரச் சாக்கில் படுக்க வையுங்கள். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் துளையில் விரலை விட்டுத் தூக்குவது இங்கே பெரிய வழக்கம். பிடி நன்றாகக் கிடைக்கும், உண்மைதான். அது அதன் மூச்சுத் துளை. வாலைப் பிடித்துத் தொங்கவிடவும் கூடாது, கொக்கிக் கம்பி மாட்டவும் கூடாது. தூண்டில் முள் உள்ளே விழுங்கப்பட்டிருந்தால் நூலை வாயோரமாக வெட்டிவிடுங்கள்.

வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் தபால் நிலையத்தில் வாங்கும் உரிமம் வேண்டும். ஆளுக்கு ஒரு நாளில் ஓர் இனத்தில் ஒன்றுதான், விற்கக் கூடாது. உயிரோடு விடுகிறவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு: டர்பன் கடலாய்வு நிலையம் 1984இலிருந்து தூண்டில்காரர்களிடம் எண் போட்ட அடையாளக் குறி கொடுத்து மீனில் குத்தி விடச் சொல்கிறது. நம் ஆட்கள் பலர் அதில் இருக்கிறார்கள்.

திருக்கை முள் குத்திவிட்டால்?

பொறுக்கக்கூடிய அளவு சுடுநீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், குத்திய இடத்தை முக்கி வையுங்கள். வலி இறங்கும். பிறகு மருத்துவரிடம் போங்கள். மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்காமல் நேரே ஆஸ்பத்திரி.

ஊரில் திருக்கைக் குழம்பு வைக்கிறோமே. அது பாவமா?

பிள்ளை பெற்ற என் தங்கைக்கு அம்மா பூண்டு தட்டிப் போட்டு வைத்த திருக்கைக் குழம்பின் மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது, நான் எப்படிப் பாவம் என்பேன். நம் கரையில் திருக்கைக்கென்றே தனி வலை உண்டு, விரும்பிப் பிடிக்கிறார்கள், தலை முதல் வால் வரை பயன்படுத்துகிறார்கள். அதற்குக் கணக்காவது இருக்கும். பெரிய உழுவையும் வேளாவும் இந்தியச் சட்டத்தில் 2001இலிருந்து புலிக்குக் கொடுத்த அதே அட்டவணையில் இருக்கின்றன, அவற்றைத் தொடாதீர்கள். ஆனைத்திருக்கையின் தம்பிகளான பேய்த்திருக்கைகளை உலக வணிகக் கட்டுப்பாட்டில் சேர்த்தது 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த சைட்டிஸ் மாநாடு. தின்று தீர்ப்பது ஒரு கவலை. தின்னாமலே, பெயர்கூடக் கேட்காமல் தூக்கி எறிவது எனக்கு அதைவிடப் பெரிய கவலை.

வகுப்பு ஜன்னலில் இருக்கும் கறுப்புப் பை என்ன சார்?

ஸ்கேட் முட்டை. கேப் டவுன் போனபோது முய்சன்பர்க் கரையில், கடற்பாசிக் குவியலுக்குள் கிடைத்தது. உள்ளங்கை அளவு, பழைய தோல்பை போல, நாலு மூலையிலும் நாலு கொம்பு. சுருள் கொடிகள் தொங்கினால் அது பூனைச்சுறாவின் முட்டை. கையில் கிடைத்தால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே ஏதாவது அசைந்தாலோ கனமாக இருந்தாலோ அலைக்கு அப்பால் தண்ணீரில் விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் பிளந்து காற்றடித்தது போல லேசாக இருந்தால் குஞ்சு போய்விட்டது. நம்முடையது பிளந்தது. ஆறு மாதம் ஆகியும் மழை நாளில் மீன்வாடை அடிக்கிறது, மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்கலாம்.